நாற்பது அங்குலத்தில் ஒரு குடம்

மயிலம் மலையேறி, முருகன் சந்நிதியில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சொன்னால் எவ்வளவு நிஜமோ, அவ்வளவு நிஜம் இது. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. நம்பாதவர்கள் திண்டிவனத்துக்குப் போய், மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற சீனுவாசனையே கேட்டுக்கொள்ளலாம். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அவர் சொல்வார். கூச்ச சுபாவம்.

2014-ஆம் வருஷம் ஆடி மாதம், தன் நாற்பத்தொன்பதாவது வயதில், சீனுவாசன் முதன்முதலாக ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினார். வாங்கினவர் குனிந்தார்; அதற்கப்புறம் நிமிரவில்லை. காயில் சுற்றும்போதும் மடியில் போன். அந்த வாரத்தில் அவர் கட்டிக் கொடுத்த மூன்று மோட்டார்கள் தலைகீழாகச் சுற்றி, தண்ணீரை மேலே இறைக்காமல் எங்கிருந்தோ இழுத்துக் கிணற்றுக்குள் ஊற்றின. பிரம்மதேசத்தில் ஒருவருடைய வறண்ட கிணறு நிரம்பி, மல்லாட்டைக் கொல்லையே கடலையும் செடியுமாக முழுகிவிட்டது. கிணற்றுக்காரர் வந்து சீனுவாசனுக்கு மாலை போட்டுவிட்டுப் போனார்.

வீட்டில்தான் மாலைக்கு வழியில்லை. மனைவி கிருஷ்ணவேணி மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். நாலாம் நாள் மத்தியானம் வெறும் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். சோறில்லை, குழம்பில்லை, கழுவின ஈரம்கூட இல்லை. சீனுவாசன் போனைப் பார்த்துக்கொண்டே அந்தத் தட்டைப் பிசைந்தார், உருட்டினார், வாயில் போட்டார். இரண்டாம் முறை ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டார். கடைசியில் கையை நக்கிவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

கிருஷ்ணவேணி தட்டை எடுத்துக் கவிழ்த்தாள். பையை எடுத்தாள், பஸ் ஏறினாள், விழுப்புரத்தில் தம்பி வெற்றிச்செல்வன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் போனது சீனுவாசனுக்கு ராத்திரி பசிக்கிறபோதுதான் தெரிந்தது.

அன்றைக்குத்தான் அவர் நிமிர்ந்தார். நிமிர்ந்து பார்த்தால் வீட்டில் யாரும் இல்லை. கூப்பிட்டால் அவள் எடுக்கவில்லை. நாற்பது நாள் ஓடிற்று. நாற்பத்தொன்றாம் நாள் மச்சினன் கூப்பிட்டான்.

"மாமா, அக்கா ஒரு வார்த்த சொல்லச் சொல்லிச்சி. உங்க கண்ணு அந்தச் செல்ல விட்டு எழுந்து வீட்டப் பார்த்திருக்குன்னா, அதுக்கு அத்தாட்சி காட்டணுமாம். காட்டினா வருமாம். இல்லாட்டி இங்கியே இருந்துக்குமாம்."

"போட்டோ எடுத்தாந்து காட்டிட்டாப் போவுது."

"அதுலதான் பேஜாரு. அந்தச் செல்லு மூஞ்சில முழிக்கவே மாட்டேன்னு சத்தியம் பண்ணிக்கீது. கையாலயும் தொடாது, கண்ணாலயும் பார்க்காது."

சீனுவாசன் யோசித்தார். "உன் வீட்டு டிவி மூஞ்சில முழிக்குமா?"

உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து அவன் சொன்னான்: "டிவின்னா பரவால்லயாம். சனிக்கிழம காலைல பத்து மணிக்கு வாங்க."

மேம்பாலத்துக்குக் கீழே செல்போன் கடை வைத்திருக்கும் உஸாமாவிடம் ஓடினார் சீனுவாசன். முப்பது வருஷம் கம்பி சுற்றின திமிரில், "ஒரு ஒயரு குடு தம்பி, ரெண்டு முனையும் நானே சேர்த்துக்கறேன்" என்றார். உஸாமா சிரிக்காமல் விளக்கினான். போனின் வாய் சின்னது, டிவியின் வாய் தட்டையானது. நடுவில் ஒரு டப்பா வேண்டும். அந்த டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து சார்ஜர் போட்டு உயிர் கொடுக்க வேண்டும். அப்புறம் போனில் விரல் தள்ளினால் டிவியில் படம் தள்ளும். "பெருசாத் தெரியும் அண்ணே, ஒரு எறும்பு கூடத் தப்பாது" என்றான். இந்தக் கடைசி வாக்கியத்தை சீனுவாசன் காதில் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை.

ஒயர் கிடைத்துவிட்டது. அத்தாட்சிதான் கிடைக்கவில்லை. நாற்பது நாளில் வீடு வீடாக இல்லை. கிரைண்டருக்கு அடியில் முழங்கால் உயரத்துக்குப் புற்று எழும்பியிருந்தது. தெருவில் இரண்டு பேர் அதற்குப் பால் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். பரணில் இருந்த சிலந்தி பேரன் பேத்தி எடுத்துத் தனிக்குடித்தனம் வைத்திருந்தது. அடிப்பிடித்த சோற்றுப்பானையைச் சுரண்டப் போய்ச் சுரண்டின கரண்டி தேய்ந்துவிட்டது. இதை இரண்டு நாளில் சுத்தம் பண்ண மனுஷனால் ஆகாது.

பக்கத்து வீட்டுத் தேவசகாயம் அவருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதன். அவர் மனைவி ஆரோக்கியமேரியின் சமையல்கட்டு, கீழே சிந்தின பாலை வழித்துக் குடிக்கலாம் என்கிற அளவுக்குச் சுத்தம். வெள்ளிக்கிழமை காலை சீனுவாசன் போனோடு அங்கே போய் நின்றார்.

"அடுப்பு, பாத்திரம், கொல்லப்பக்கம். அவ்ளோதான்யா. சின்னச் சின்னதா எடுத்துக்கினு போயிடறேன்."

"பொய் சொல்றதுக்கு என் வீடா கெடச்சது ஒனக்கு?"

"பொய் இல்லய்யா, மாதிரிப் படம். அவ வந்தப்புறம் எங்க வீடும் இப்பிடித்தான கீது."

சீனுவாசன் வேளாங்கண்ணி மாதா காலண்டரைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். சுவரில் இருந்த திரு இருதயப் படத்தின் மேல் துண்டைப் போட்டார். ஜெபமாலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஏசுவ மறைச்சி எடுக்கிற போட்டோ வெளங்குமாடா?" என்றார் தேவசகாயம்.

"அவரு மன்னிப்பாரு. என் பொண்டாட்டி மன்னிக்கணும் பாரு."

ஆரோக்கியமேரி கடுகு தாளிப்பதைப் படம் எடுத்தார். அவளை நகரச் சொல்லிவிட்டு அடுப்பை எடுத்தார். மேடையில் வரிசையாக மின்னின குடம், சொம்பு, தட்டு, தூக்கு எல்லாவற்றையும் எடுத்தார். போன் திரையில் ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பளபளவென்று இருந்தது. ஒரு குறை தெரியவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு வெற்றிச்செல்வன் வீட்டுக் கூடத்தில் சபை கூடியது. ரயில்வேயில் வேலை பார்க்கிற வெற்றிச்செல்வன் நடுவில் நாற்காலி போட்டுக்கொண்டான். அவன் மனைவி சங்கவி தரையில் உட்கார்ந்தாள். கிருஷ்ணவேணி சமையலறை நிலைப்படியில் கை கட்டி நின்றாள். இளைத்திருக்கிறாளா என்று சீனுவாசன் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவரில் நாற்பது அங்குல டிவி கறுப்பாக முறைத்தது.

ஒயரை மாட்டினார், டப்பாவுக்கு உயிர் கொடுத்தார். டிவி கண் திறந்தது.

முதல் படம், தாளிப்பு. அவ்வளவு பெரிய கடுகை விழுப்புரம் ஜில்லாவில் யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. படம் வந்த நிமிஷமே சங்கவி நாலு தும்மல் போட்டாள். வெற்றிச்செல்வன் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜன்னலைத் திறந்தான்.

"பரவால்லக்கா, மாமா தாளிக்கவே கத்துக்கினாரு" என்றான்.

கிருஷ்ணவேணியின் கட்டின கை கொஞ்சம் தளர்ந்தது. சீனுவாசனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த படத்தைத் தள்ளினார். குடம்.

டிவி முழுக்கக் குடம். மின்னுகிற எவர்சில்வர் வயிறு. அந்த வயிற்றில், புள்ளி புள்ளியாகக் கொத்தின எழுத்து, ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம்.

சங்கவி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "தே... ஆரோக்கியமேரி."

எவர்சில்வர் வாங்கினால் பேர் வெட்டாமல் கடையை விட்டு வருகிற குடும்பம் இந்தப் பக்கத்தில் கிடையாது. சீனுவாசன் வீட்டிலும் டீ ஸ்பூன் வரைக்கும் பேர் இருக்கிறது. மாதாவை ஒளித்தவர், இயேசுவை மூடினவர், குடத்தை மறந்துவிட்டார்.

"தண்ணிக்கு இரவல் வாங்கினது" என்றார், அடுத்ததைத் தள்ளினார். சொம்பு. தே. ஆரோக்கியமேரி. தட்டு. தே. ஆரோக்கியமேரி. தூக்கின் மூடியில் இடம் நிறைய இருந்ததால் விலாவாரியாகவே இருந்தது: 'தேவசகாயம் – ஆரோக்கியமேரி திருமண அன்பளிப்பு, பங்கு இளைஞர் மன்றம்.'



"ஏன்யா, என் பேரு போட்ட ஸ்பூன் ஒண்ணாச்சும் வீட்ல கீதா, இல்ல அதயும் பெசஞ்சி தின்னுட்டியா?" என்றாள் கிருஷ்ணவேணி.

"வேணி, கொஞ்சம் கேளு..."

"அத்தாட்சி கேட்டா அடுத்தவ சமையல்கட்டக் காட்ற. தம்பி, சாப்பாடு போட்டு அனுப்பு இவர. தட்டுல சோறு கீதான்னு பார்த்துக்கோ." அவள் உள்ளே திரும்பினாள்.

முடிந்தது என்று சீனுவாசனுக்குத் தெரிந்துவிட்டது. ஜல்தியாகக் கழற்றிக்கொண்டு போய்விடலாம் என்று போனைப் பிடுங்கப் போனார். விரல் வழுக்கிற்று. டிவியில் படங்கள் சரசரவென்று பின்னால் ஓடின. வெள்ளிக்கிழமை, வியாழக்கிழமை, அதற்கு முந்தின வாரம். ஓடி ஓடி ஓர் இடத்தில் நின்றன.

பஸ். அதற்கு முந்தினதும் பஸ். அதற்கு முந்தினதும்.

"இதென்னா மாமா, பஸ்ஸு?" என்றான் வெற்றிச்செல்வன்.

சீனுவாசன் தரையைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. சாயங்காலத்துல கடைய சாத்திட்டு திண்டிவனம் ஸ்டாண்டுல போய் நிப்பேன். விழுப்புரம் பஸ்ஸு வரும். யாரு எறங்கறாங்கன்னு பார்ப்பேன். கண்ணு தப்பிப் போயிடுமோன்னு ஒரு போட்டோ எடுத்து வெச்சிக்குவேன்."

"எடுத்துப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். எல்லா மூஞ்சியும் கடுகு மாதிரி கீது. ஒண்ணும் தெரியல."

நாலு நாள் போனை விட்டுக் கண்ணை எடுக்காத மனுஷனுக்கு, இரண்டு விரலை வைத்து விரித்தால் படம் பெரிதாகும் என்பது தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

நிலைப்படிக்கு அந்தப் பக்கம் போன காலடிச் சத்தம் நின்றிருந்தது. சங்கவிதான் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள்.

"இருங்கண்ணா, தள்ளாதீங்க. அண்ணி, இந்த ஜன்னல்ல கீறது உங்க கிளிப்பச்சப் பொடவதான?"

"கிளிப்பச்ச ஊர்ல ஒருத்திகிட்டத்தான் கீதா?" என்றது உள்ளிருந்து குரல்.

"பொடவைக்கு மேல உங்க மூஞ்சியும் கீதே."

மூன்றாவது ஜன்னல். நாற்பது அங்குலத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. கம்பியைப் பிடித்தபடி கிருஷ்ணவேணி நேராக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்குத்திகூடத் தெரிந்தது. சீனுவாசன் அடுத்த படத்தைத் தள்ளினார். அதே பஸ், முன்னால் இருந்த பலகை மட்டும் விழுப்புரம் என்று மாறியிருந்தது. அதே மூன்றாவது ஜன்னல், அதே கிளிப்பச்சை. முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"அன்னிக்கு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில யாரையோ பார்க்கப் போறேன்னு சொன்னீங்களே அண்ணி" என்றாள் சங்கவி. "அதுக்கு அடுத்த வியாழக்கிழமையும் போனீங்க."

அடுத்த வியாழக்கிழமைப் படத்தையும் சீனுவாசன் தேடி எடுத்தார். அதிலும் இருந்தாள்; அன்றைக்கு நீலப் புடவை.

கிருஷ்ணவேணி வெளியே வந்தாள். டிவியைப் பார்த்தாள், அதில் இருந்த தன்னைப் பார்த்தாள்.

"வந்தியா வேணி?" என்றார் சீனுவாசன்.

"வந்தேன். எறங்கலாம்னுதான் வந்தேன். ஜன்னல்ல பார்த்தா நீ மூஞ்சிக்கு நேரா அந்தச் செல்லத் தூக்கிப் புடிச்சிக்கினு நிக்கற. நாம போயும் இந்த மனுசன் திருந்தலன்னு அப்பிடியே திரும்பிட்டேன். ரெண்டு தபா."

"ஒன்னியத் தேடித்தான் தூக்கினேன்."

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? போன மறச்சிக்கினு நின்னா மூஞ்சி தெரியுமா?"

வெற்றிச்செல்வன் கூரையைப் பார்த்தான். சங்கவி இன்னொரு தும்மல் வந்ததுபோல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கிருஷ்ணவேணி சீனுவாசனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "வீடு இப்ப எப்பிடி கீது? மாதிரிப் படம் வேணாம். வாயால சொல்லு."

சீனுவாசன் சொன்னார். புற்றைச் சொன்னார், ஊற்றின பாலைச் சொன்னார், சிலந்தியின் தனிக்குடித்தனத்தைச் சொன்னார், தேய்ந்த கரண்டியைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் உதடு முதலில் இறுகிற்று, அப்புறம் கோணிற்று. கரண்டியில் பேர் வெட்டின பக்கம் தேய்ந்ததா, கைப்பிடியா என்று கேட்கப் போய், கேட்க முடியாமல் சிரித்துவிட்டாள். நாற்பத்தி மூன்று நாள் சிரிப்பு. நிற்க நேரமாயிற்று.

"புத்த இடிக்காத. பாம்பு கீதான்னு மொதல்ல பார்க்கணும். நீ பார்க்க மாட்ட, போட்டோ எடுப்ப" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்ப் பையை எடுத்துவந்தாள். ஒயரை அவளே பிடுங்கிச் சுற்றிப் பைக்குள் போட்டாள். போனைத் தொடமாட்டேன் என்ற சத்தியம் பாக்கி இருந்ததால் அதை முந்தானையால் சுற்றி எடுத்து அவர் சட்டைப்பையில் போட்டாள். பதினொன்றரை மணி பஸ்ஸில் மூன்றாவது ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள், பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். திண்டிவனம் ஸ்டாண்டில் இரண்டு பேரும் இறங்கினார்கள்.

அந்தச் சனிக்கிழமை, மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக, விழுப்புரம் நகரம் முழுவதும் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை மின்சாரம் இல்லை.