பச்சைக் கோடு

சின்னவளுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. உடம்பின் செல்களைச் சுற்றி வலைபோலப் பரவி, அவற்றை இடம்பிசகாமல் தாங்கிப் பிடிக்கும் புரதங்கள்தான் அவள் பாடு. அதிலும் லாமினின் என்றால் உயிர். கருவில் தோல் உருவாகும்போது மேலடுக்கைக் கீழடுக்கோடு ஒட்டிப் பிடிப்பது அதுதான். "ஆரம்பிச்சுட்டாடா சாமி, பசை மகராணி" என்று அக்கா காதைப் பொத்திக்கொள்வாள்.

அக்காவுக்குப் பிள்ளை பிறந்தான். பட்டு என்று கூப்பிட்டார்கள். துடைத்துவிட்ட நர்ஸ் வீலென்று அலறினாள். துண்டோடு குதிகால் தோலும் உரிந்து வந்திருந்தது.

டாக்டர் எடுத்த துளித்தோல் சின்னவளின் கூடத்துக்கே வந்தது. வேறு யாரையாவது பார்க்கச் சொல்லியிருக்கலாம், மனசு கேட்கவில்லை. சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தாள். இரண்டு அடுக்குக்கும் நடுவே லாமினின் பச்சைக் கோடாக மின்ன வேண்டும். கும்மிருட்டு. சாயத்தின்மேல் பழியைப் போட்டுத் திரும்பச் செய்தாள். ஒப்பிட வைத்த இன்னொருவர் தோல் பளிச்சென்று மின்னியது. பட்டுவின் தோலில் இருட்டுதான்.

"அந்தப் புரதமே இல்லாம பொறந்திருக்கான்க்கா."

"நீதான் குப்பி குப்பியா வச்சிருக்கியே? கொஞ்சம் கொண்டாந்து தடவேன்."

"தடவினா ஒட்டாதுக்கா. அவன் செல்லுங்களே அதைச் செய்யணும்."

"அப்ப இத்தனை வருஷமா என்னத்தடி கிழிச்ச?"

சின்னவளுக்குச் சுருக்கென்றது. தன்னைத்தானே அவள் கேட்டுக்கொண்டிருந்ததும் அதுதான். தெரிந்த இடத்துக்கெல்லாம் போன் போட்டாள். எல்லோரும் அன்பாகப் பேசினார்கள். கையில் மருந்து யாரிடமும் இல்லை.

பட்டுவை மெத்தையோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டும். பால் குடித்தால் வாயெல்லாம் கொப்புளம். அழுதழுது குரல் வெறும் காற்றானது. தன்னையறியாமல் தொட்டுவிடுவோமோ என்று அக்கா கைகளை அக்குளில் செருகிக்கொண்டு தொட்டிலருகே கிடந்தாள்.

புண் சீழ்பிடித்தது. விஷம் ரத்தத்தில் ஏறியது. ஒரு பிற்பகல், கட்டுத்துணி வாங்க அக்கா புருஷன் கடைக்குப் போயிருந்தபோது, பட்டு அடங்கிப்போனான்.

அக்கா அழவில்லை. "இனிமே வலிக்காதுல்லடி?" என்றாள். "இப்ப தூக்கலாமா?"

 சின்னவள் ஆமென்று தலையாட்டினாள்.

அக்கா பிள்ளையை வாரியெடுத்து, பிறந்ததிலிருந்து தூக்காத தூக்கையெல்லாம் சேர்த்துவைத்தவள்போல் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். அவள் விரல் கணுக்கள்கூட வெளுத்தன. கட்டுத்துணிப் பையோடு வந்த அக்கா புருஷன், "ஐயோ, மெதுவா, மெதுவா" என்று பதறி ஓடிவந்தார். அப்புறம்தான் அவருக்குப் புரிந்தது.