விட்டுப்போன வரி

அச்சகத்தின் பின்னறையில் அக்காவும் தங்கையும் பல வருடங்களாக ஒரே மேஜையில் பிழை திருத்துகிறார்கள். தங்கை மூலப்பிரதியை உரக்கப் படிப்பாள், காற்புள்ளி முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து. அக்கா அச்சுத்தாளில் பென்சிலை ஓட்டிக்கொண்டே வருவாள். படிப்பவள் பொருளில் மனதை வைக்கக் கூடாது. வைத்தால் நாக்கு தானாக ஒன்றைச் சேர்க்கும், ஒன்றை விழுங்கும். கல்யாணப் பத்திரிகையையும் கண்ணீர் அஞ்சலியையும் ஒரே குரலில் படிக்கத் தெரிந்தவள் தங்கை. ஒரு காற்புள்ளிக்காக ஓடிக்கொண்டிருந்த மிஷினையே நிறுத்தியதால் அக்காவுக்கு அங்கே 'கமாக்கா' என்று பெயர்.

அன்று மதியம் தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கேதான் வந்தாள். அக்காவின் மார்புக் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த சதையின் பரிசோதனை முடிவும், உடம்பு முழுக்க எடுத்த ஸ்கேனின் முடிவும் கைப்பையில் இருந்தன. டாக்டர் அவளை உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்: புற்று அக்குளைத் தாண்டி முதுகெலும்புக்குப் போய்விட்டது. நான்காம் நிலை. மருந்தால் தள்ளிப்போடலாம், துடைத்தெடுக்க முடியாது. அக்காவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கெஞ்சிவிட்டு வந்தவள், பஸ்ஸில் வரும்போதே சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். முதுகுவலிக்கு நாற்காலிதான் காரணம் என்று நம்பி, அதற்கொரு தலையணையும் வாங்கிப் போட்டிருப்பவளிடம் எந்த வாயால் சொல்வது?

"என்னடி, மூஞ்சி நனைஞ்ச தாள் மாதிரி தொங்குது? எத்தனாவது ஸ்டேஜாம்?"

"ரெண்டுதான்க்கா. பயப்பட ஒண்ணுமில்ல."

"காட்டு."

தங்கை சதைப் பரிசோதனைத் தாளை நீட்டி விரலை வைத்தாள். இரண்டு என்று உண்மையிலேயே அச்சாகியிருந்தது. அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இது கிரேடு. நர்ஸம்மா எனக்கு விளக்கமா சொல்லுச்சு. செல்லு எவ்வளவு முரண்டு பிடிக்குதுங்கறது கிரேடு. எவ்வளவு தூரம் போயிருக்குங்கறதுதான் ஸ்டேஜ். ஸ்கேன் தாளை எடு. படி."

"அப்புறம் பாக்கலாம்க்கா. புரூஃப் குவிஞ்சு கிடக்கு."

"புரூஃப் எங்கயும் ஓடிடாது. படிடீ."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைவிடக் காதில்தான் அவளுக்கு நம்பிக்கை.

தங்கை படித்தாள். கட்டியின் அளவு, அக்குளில் நெறிக்கட்டிகள், முற்றுப்புள்ளி. நுரையீரல் சுத்தம், முற்றுப்புள்ளி. கல்லீரல் சுத்தம், முற்றுப்புள்ளி. குரல் வழக்கம்போல ஏற்ற இறக்கமில்லாமல் போனது. அடுத்த வரியைக் கண் தாண்டிக் குதித்தது. "சிகிச்சையைத் தொடங்கலாம், முற்றுப்புள்ளி."

"ஒரு வரி விட்டுட்ட."

"இல்லியே."

"எப்பவும் வரி முடிஞ்சப்புறம்தான் மூச்சு வாங்குவ. இப்ப கல்லீரல் முடியறதுக்குள்ளயே வாங்கிட்ட. இத்தனை வருஷமா உன் மூச்சைத்தான்டி கேட்டுட்டு இருக்கேன். கல்லீரல்ல இருந்து படி."

கதவருகே மிஷின்காரர் தலையை நீட்டினார். "கமாக்கா, ஓட்டலாமா?"

"இருய்யா. இங்க ஒரு திருத்தம் இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பொருளில் மனதை வைக்காமல் படிக்கப் பார்த்தாள் தங்கை. "கல்லீரல் சுத்தம், முற்றுப்புள்ளி. முதுகெலும்பில் இரண்டு இடங்களில்..." குரல் உடைந்தது. "பரவியிருக்கிறது. நான்காம் நிலை."

"முற்றுப்புள்ளி?"

"முற்றுப்புள்ளி."

அக்கா முதுகுக்குப் பின்னாலிருந்த தலையணையை உருவித் தரையில் போட்டாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நம்ம அம்மாவும் நெஞ்சுப் புண்ணுன்னு சொல்லித்தான் போனா. அதுக்கு யாரும் பேரே வைக்கல. நீ நாளைக்கே போய் மேமோகிராம் எடு."

"எனக்கு வேணாம்க்கா. தெரிஞ்சு என்ன பண்ண?"

"என் ரத்தத்தையும் குடுக்கறேன். பரம்பரையா வர்றதான்னு முதல்ல என்கிட்டதான் பாக்கணும்னு நர்ஸம்மா சொல்லுச்சு. என்கிட்ட என்ன இருக்குன்னு தெரிஞ்சாதான் உன்கிட்ட எதைத் தேடறதுன்னு தெரியுமாம். நான் இருக்கும்போதே முடிச்சுக்கணும்."

தங்கை தாளை மடிக்கத் தொடங்கினாள். அக்கா கேட்டாள்:

"நாலுக்கு மேல உண்டா?"

"இல்லக்கா." பிறகு அவசரமாகச் சொன்னாள்: "ஆனா மருந்து ஒத்துக்கிட்டா சில பேர் வருஷக்கணக்கா நல்லா இருக்காங்களாம். டாக்டரே சொன்னாரு."

"அது தாள்ல இருக்கா?"

"இல்ல. வாயால சொன்னாரு. சத்தியமாக்கா."

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. டாக்டர் உண்மையாகவே சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. ரெண்டு என்று சொன்ன வாயிலிருந்து வந்ததால் அக்காவிடம் போய்ச் சேரவில்லை. தங்கை இன்னொரு முறை சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவளுக்கே பொய்போலக் கேட்டது.