கருகருவென்று ஒரு பாசி

பத்தொன்பது வருஷமாக வழுக்கையாக இருந்த காப்பீட்டு அலுவலக மேலாளரின் தலையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்குப் பாசி முளைத்தது. விடுப்பு விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், உச்சியில் ஏதோ ஈரமாக இருக்கிறதே என்று தடவிப் பார்த்தார். விரல் நீளத்துக்கு, பச்சைப் பசேலென்று, உப்பு வாடையோடு நின்றது. மதியச் சாப்பாட்டுக்குள் வகிடு எடுக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

பாசி எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் ஒன்றும் கிடையாது. வரவேற்பறையில் அவர் ஆசையாக வைத்த உப்புத் தண்ணீர் மீன்தொட்டி இருந்தது. அதில் இரண்டே இரண்டு ஆரஞ்சு மீன்கள். மேலாளரின் கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் தொட்டி நேராகத் தெரியும். ஆகவே முப்பத்திரண்டு ஊழியர்களும், அவர் தலை நிமிர்கிற நேரமாகப் பார்த்து, ஆளுக்கொரு சிட்டிகை தீனி போட்டார்கள். காக்கா பிடிக்க மீனைப் பிடித்துக்கொண்ட அலுவலகம் அது. இரண்டு மீன் எவ்வளவுதான் தின்னும்? மிஞ்சியதெல்லாம் அழுகி, பாறை முழுக்க முடிமுடியாகப் பாசி. திங்கட்கிழமைதோறும் தொட்டி கழுவ வருகிற பெண் அதைக் கை வலிக்கப் பிடுங்கினாள், விளக்கை ஆறு மணி நேரமாகக் குறைத்தாள், தீனி போடாதீர்கள் என்று அட்டை எழுதி ஒட்டினாள். எல்லாரும் படித்தார்கள். மற்றவர்களுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் தொட்டியில் இடம் போதாமல் போன மறுநாள்தான் மேலாளர் தலையில் முளைத்தது.

அன்றிலிருந்து தொட்டியும் தலையும் ஒன்றாகிவிட்டன. அடுத்த திங்கட்கிழமை அவள் பாசி தின்கிற நத்தைகளைப் பன்னிரண்டு விட்டாள்; அவை மேய்ந்த வழியெல்லாம் மேலாளர் தலையில் வகிடு விழுந்தது. அலறிப் புடைத்துக்கொண்டு ஓடிவந்து நத்தைகளை எடுக்கச் சொன்னார். தண்ணீர் மாற்றக் கூடாது, விளக்கை அணைக்கக் கூடாது, தீனியில் குறை வைக்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். ஊழியர்கள் கருகருவென்று இருப்பதாகப் புகழ்ந்தார்கள். பச்சை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. வீட்டில் அவர் மனைவி மட்டும் தலையணையை அடுத்த அறைக்கு எடுத்துப் போனாள்.

மீன்கள் தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. நகத்தளவு இருந்தபோது தொட்டி கழுவுகிற பெண் கொண்டுவந்து விட்டவை. அவள் விரலைக் கண்டால் ஓடிவரும். இப்போது திரும்பக்கூடத் தெம்பில்லை. அவள் வாளியைக் கீழே வைத்தாள். நேரே கண்ணாடி அறைக்குள் போனாள்.

“சார், உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. மீனுக்குத்தான் மூச்சு முட்டுது. இன்னும் ரெண்டு நாள் தாங்காது.”

மேலாளர் உச்சந்தலையில் உப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னார். “மீன் போனா வேற வாங்கிக்கலாம்மா. முடி போனா?”

அவள் தொட்டிக்குத் திரும்பினாள். இரண்டு மீனையும் வாளியில் மொண்டுகொண்டு, பட்டப்பகலில், முப்பத்திரண்டு பேர் முன்னால், வாசல் வழியாகவே நடந்து போனாள். ஒருவரும் பார்க்கவில்லை; மேலாளர் அப்போது தலை சீவிக்கொண்டிருந்தார். அவள் வீட்டுத் தொட்டியில், தினம் ஒரு சிட்டிகை தீனியில், மீன்கள் பிழைத்துக்கொண்டன. அலுவலகத் தொட்டியில் இன்றைக்கும் ஆளுக்கொரு சிட்டிகை விழுகிறது. மீன்கள் கொழுகொழுவென்று இருக்கின்றன என்று ஊழியர்கள் சொல்கிறார்கள். மேலாளர் குனிந்து பார்த்து, ஆமாம், போன மாதத்துக்கு இப்போது கொஞ்சம் சதை போட்டிருக்கிறது என்கிறார்.