இரண்டு கிலோ ஈயம்

என் தம்பியின் கால்சட்டைப் பட்டியில் இரண்டு கிலோ ஈயத்தை வைத்துத் தைத்தது நான். எடை பார்க்கிற அன்று காலையில் அதைப் பிரித்து எடுத்ததும் நான். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆளுக்கு ஒரு நியாயம் சொல்லியிருப்பார்கள்.

நான் தையல்காரி. குத்துச்சண்டைக்காரர்களுக்குக் கால்சட்டையும் அங்கியும் தைப்பது என் பிழைப்பு. தம்பி எண்பத்தாறு கிலோ பிரிவில் ஆடிக்கொண்டிருந்தான். பதினேழு ஆட்டம், பதினேழும் வெற்றி. பார்க்க வருகிறவர்களை எண்ண இரண்டு கை விரல் போதும். அதிலும் நாலு விரல் எங்கள் வீட்டு ஆட்கள்.

அப்போதுதான் புரமோட்டர் வந்து சேர்ந்தார். அரங்கம் பிடிப்பது, டிக்கெட் விற்பது, டிவிக்காரர்கள் காலில் விழுவது எல்லாம் அவர் வேலை. என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் புலம்பித் தீர்த்தார்.

“ஹெவிவெயிட் செத்துக்கிட்டிருக்கும்மா. சாம்பியன்னு ஒருத்தன் இருக்கான், மலைன்னு கூப்பிடுவாங்க. நூத்திப் பதினெட்டு கிலோ. அடிச்சா எவனும் எந்திரிக்க மாட்டான். ஆனா வாயத் தொறந்தா கொட்டாவிதான் வரும். பெரிய எடையில ஒரு புது முகம் வேணும். பேசணும், சிரிக்கணும், ஜனங்க அவனுக்காகச் சண்டை போட்டுக்கணும். அப்பத்தான் இந்த ஆட்டம் பிழைக்கும்.”

“அதுக்கு என் தம்பிதான் கெடச்சானா? அவன் ஹெவிவெயிட்டே இல்லயே.”

“சாப்பாடு போட்டா ஆயிடுவான்.”

போட்டோம். மூன்று மாதம் முட்டை, பால், வாழைப்பழம், மறுபடி முட்டை. அவன் வாய் ஓய்ந்து நான் பார்க்கவில்லை. ஆனால் எண்பத்தொன்பதில் வந்து நின்றுவிட்டான், அதற்கு மேல் ஒரு கிராம் ஒட்டவில்லை. தொண்ணூற்றொன்று இருந்தால்தான் ஹெவிவெயிட். குறைந்தால் எதிராளி சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டும். எதிராளியாகப் பேசி வைத்திருந்த மலை முடியாது என்றுவிட்டான். சின்னப் பையனை அடித்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்றானாம். அந்த ஒரு வார்த்தைக்காக எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

புரமோட்டர் அசருவாரா? மீன்வலையில் கட்டுகிற ஈயக் குண்டுகளை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். “பட்டிக்குள்ள வச்சுத் தச்சிரும்மா. தராசுக்காரர் பாக்க மாட்டாரு.”

அவர் சொன்னது சரிதான். எடை பார்க்கிற இடத்தில் எல்லாரும் குறைத்துக் காட்டத்தான் தில்லுமுல்லு செய்வார்கள். பட்டினி கிடப்பார்கள், எச்சிலைத் துப்பிக்கொண்டே இருப்பார்கள், கடைசியில் கால்சட்டையையும் கழற்றிவிட்டு ஏறுவார்கள். கூட்டிக் காட்டுகிறவனைத் தராசுக்காரர் கனவில்கூடக் கண்டதில்லை. தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மனசு கேட்காமல் தைத்துக் கொடுத்தேன்.

அதற்கப்புறம்தான் அந்த வியாழக்கிழமை. பயிற்சியில் நூற்றுப் பத்து கிலோ ஆள் ஒருவனோடு ஆறு சுற்று ஆடிவிட்டுத் தம்பி நேராகக் கடைக்கு வந்தான். முகத்தில் ஒரு கீறல் இல்லை. “அக்கா, டீ குடிச்சியா?” என்றான். குடித்துவிட்டேன் என்றேன். ஒரு பொத்தான் தைத்து முடிப்பதற்குள் மறுபடி, “அக்கா, டீ குடிச்சியா?” விளையாடுகிறான் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை கேட்டபோது ஊசி என் விரலில் ஏறியது.

மறுநாள் சரியாகத்தான் இருந்தான். டாக்டரிடம் போகலாம் என்றேன்.

“தூக்கக் கலக்கம்க்கா. டாக்டர்கிட்ட போனா ஆட்டத்த நிறுத்திடுவாங்க.”

“நிறுத்தட்டுமே!”

சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. மிஷினில் நூலைக் கோத்தேன், அறுத்தேன், மறுபடி கோத்தேன். நூற்றுப் பத்து கிலோவுக்கே இப்படி என்றால் மலை அடித்தால் என்ன ஆவான்? ஆட்டம் பிழைக்கும், என் தம்பி?

அதனால்தான் பட்டியைப் பிரித்தேன். ஈயத்தை எடுத்துவிட்டுப் பஞ்சைத் திணித்து, பழைய தையல் ஓட்டைகளிலேயே திரும்பத் தைத்தேன்.

எடை பார்க்கும் கூடத்தில் கேமராக்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். நீள மேசையின் ஒரு முனையில் தராசுக்காரர், மறுமுனையில் டாக்டரம்மா, நடுவில் மலை. தம்பி தராசில் ஏறினான். எண்பத்தொன்பது புள்ளி இரண்டு. தராசுக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் சொன்னார்: “எடை சரியில்ல. கால்சட்டையக் கழட்டிட்டு ஏறுங்க, துண்டு புடிக்கறோம்.”

சிரிப்பு வெடித்தது. தம்பி சிரிக்கவில்லை. பட்டியைத் தடவினான், அப்புறம் கூட்டத்தில் என்னைத் தேடினான்.

“ஒரு மணி நேரம் டைம் இருக்கு,” என்றார் தராசுக்காரர். புரமோட்டர் அதற்குள் வாசலை நோக்கி ஓடத் தொடங்கினார். வேறு ஈயம் கொண்டுவரத்தான் ஓடுகிறார், வேறெதற்கு? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கைப்பையிலிருந்த துணிப்பையை மேசைமேல் டப்பென்று வைத்தேன்.

“ரெண்டு கிலோ ஈயம். இடுப்புல வச்சுத் தச்சது நான்தான். இப்ப எடுத்துட்டேன். இவன் ஹெவிவெயிட் இல்ல. விட்டுடுங்க.”

முடிந்தது என்று நினைத்தேன். தம்பி இறங்கி வந்து அந்தப் பையைக் கையில் தூக்கிப் பார்த்தான். அப்புறம் மலையின் பக்கம் திரும்பி, அந்தப் பாழாய்ப்போன சிரிப்பைச் சிரித்தான்.

“அண்ணே, ரெண்டு கிலோ கொறையுது. தள்ளுபடி உண்டா?”

கூடமே ஆடிப்போனது. விசில், கைதட்டல், கேமரா வெளிச்சம். கொட்டாவி விடுவதைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத மலையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்த வேகத்தில், “கொடுங்கய்யா காகிதத்த,” என்று வாங்கிச் சம்மதக் கையெழுத்தையும் போட்டுவிட்டான். புரமோட்டர் வாசலிலிருந்து திரும்பி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “அம்மா, நான் மூணு மாசமா தேடின ஸ்டார இப்ப நீங்கதாம்மா குடுத்தீங்க!”

அவர் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. என் கன்னத்திலும்தான்.

தம்பி என் தோளில் கை போட்டான். “ஈயத்த நீதான எடுத்த?”

“ஆமா.”

“கோபமில்லக்கா. நல்லதாத்தான் போச்சு.”

படமெடுப்பவர்கள் கூப்பிட்டார்கள். இந்தப் பக்கம் திரும்பினான், அந்தப் பக்கம் திரும்பினான், முஷ்டியை உயர்த்தினான். பிறகு என்னிடம் குனிந்தான்.

“ஈயத்த நீதான எடுத்த?”

அதே சிரிப்பு, அதே குரல். அவன் மணிக்கட்டைப் பிடித்து மேசையின் மறுமுனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா தகுதிச் சான்றிதழை எழுதிக்கொண்டிருந்தார், கையெழுத்துதான் பாக்கி.

“டாக்டர், இவன் கேட்டதையே கேக்கறான். போன வாரமும் இப்படித்தான்.”

அவர் நிமிர்ந்து தம்பியின் கண்களைப் பார்த்தார். “இப்ப அக்காகிட்ட என்ன கேட்டீங்க?”

தம்பி என்னைப் பார்த்தான், கையிலிருந்த பையைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். பின்னால் கூட்டம் இன்னும் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

“நானா? நான் ஒண்ணுமே கேக்கலயே.”

டாக்டரம்மா பேனாவை மூடினார்.