சொந்தத் தொழில்

தியூர்மா படிவக் கட்டை மேசையில் போட்ட வேகத்தில் தேநீர்க் குவளையின் மூடி நழுவிக் கீழே விழுந்தது. வட்டார அலுவலகத்தில் கணக்கெடுப்புக்கு அவள்தான் மேற்பார்வையாளர். மேடான் ஊர்ப் பக்கத்து பாத்தாக் இனப் பெண். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடும் சாதி. யோக்யகர்த்தாவிலேயே பிறந்து வளர்ந்து, அங்கேயே வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் முர்வானிக்கோ, மனதில் பட்டது முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்வதிலேயே பாதி ஆயுள் போயிருந்தது.

"இபு, என்னம்மா இது? உங்க பகுதியில யாரைப் பார்த்தாலும் 'சொந்தத் தொழில்', 'சொந்தத் தொழில்'னு எழுதி வச்சிருக்கீங்க. பள்ளிவாசல்ல செருப்பு திருடறவனுக்கும் அது சொந்தத் தொழில்தான். தொழில் புத்தகத்துலேர்ந்து இதுக்கு நான் எந்த எண்ணைப் போடறது?"

"அவங்க அப்படித்தான் சொன்னாங்க."

"நீங்க மறுபடி கேட்டீங்களா?"

முர்வானி புன்னகை செய்தாள். மறுபடி கேட்பதாவது! ஒருவர் 'சொந்தத் தொழில்' என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு முடிந்துவிட்டது, அடுத்து மழையைப் பற்றிப் பேசலாம் என்று அர்த்தம். அடையாள அட்டையிலும் அதுதான் இருக்கும். வேலை போனவரும், வட்டிக்கு விடுகிறவரும், வேலைக்கே போகாதவரும் அந்த ஒரு சொல்லுக்குள் கௌரவமாக உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாவது தடவை கேட்பது, அடுத்த வீட்டு அடுப்படிக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பது மாதிரி.

"சிரிச்சா எண் வராது இபு," என்றாள் தியூர்மா. "அட்டைல என்ன இருக்கு, ஊர் என்ன பேசுது, அது நல்ல வேலையா கெட்ட வேலையா, எதுவும் நமக்கு வேண்டாம். அந்த ஆளோட கை என்ன செய்யுது? அதைக் கேட்டு எழுதிட்டு வாங்க."

திரும்பி வந்த கட்டுக்குள் செனோ வீட்டுப் படிவமும் இருந்தது. முர்வானி அதை உருவிக் கட்டின் அடியில் வைத்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை செனோ வீட்டார் அவள் மகள் கினாசியைப் பெண் கேட்டு வருகிறார்கள். செனோ அடுத்த சந்துப் பையன், அடக்கமானவன், வரும்போதெல்லாம் செருப்பை ஒழுங்காகத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வருவான். என்ன வேலை என்று அவள் கணவர் தர்சோனோ ஒரு தடவை கேட்டார். சொந்தத் தொழில் என்றான். அத்தோடு சரி. அது அவளுக்கு மாதக்கணக்காகத் தொண்டையில் முள்ளாக நின்றது. இப்போது அரசாங்கமே கேட்டுவா என்கிறது. பதில் சரியில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எதையாவது சொல்லி நிறுத்திவிடலாம்.

மற்ற வீடுகளை முதலில் முடித்தாள். கேட்கக் கூச்சப்பட்டது அவள்தான். சொல்ல ஒருவருக்கும் கூச்சம் இருப்பதாகத் தெரியவில்லை. விசில் ஊதி வண்டிகளை நிறுத்த இடம் காட்டுகிற ஆள், கையை எப்படி வீசவேண்டும் என்று தெருவில் இறங்கியே காட்டினார். கோடிவீட்டு விர்யோ கல்யாண வீடுகளில் மழையை விரட்டுகிறவர். தென்னந்துடைப்பத்தைத் தலைகீழாக நட்டு, அதில் மிளகாயும் வெங்காயமும் குத்திவிட்டு, சாப்பாடு முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவருக்கு என்ன எண் என்று முர்வானி தியூர்மாவுக்குப் போன் செய்தாள்.

"மழை நிக்குதா?"

"சில நேரம் நிக்கும்."

"அப்ப வானிலையில சேர்க்க முடியாது. சமயப் பணியில போடுங்க."

கடைசியாகச் செனோ வீட்டுக்குப் போனாள். அவன் அம்மா மல்லிகைத் தேநீரும் பொரித்த சோயாத் தெம்பேயும் வைத்துவிட்டு, வருங்காலச் சம்பந்தியைப் பார்த்து இரண்டு தடவை சிரித்துவிட்டுக் கடைக்குப் போனார். செனோ பாயில் எதிரே உட்கார்ந்தான்.

"தம்பி, இது கணக்கெடுப்பு. நீ சொல்றது என்னைத் தாண்டிப் போகாது. சத்தியம் வாங்கித்தான் வேலைக்கு எடுத்தாங்க. என் வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லமாட்டேன்."

"சொந்தத் தொழில்தான், இபு."

"கை என்ன செய்யுது தம்பி?"

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். பொய் சொல்ல நேரம் இருந்தது, சொல்லவில்லை. அதை முர்வானி பிற்பாடு அவன் கணக்கில் வரவு வைத்தாள்.

"தட்டச்சு செய்யுது, இபு. ஆய்வேடு. பல்கலைக்கழகத்துல பட்டத்துக்குக் கொடுக்கற ஆய்வேடு. எழுத முடியாத பிள்ளைங்க வருவாங்க. நான் எழுதிக் கொடுப்பேன். அவங்க பேரைப் போட்டுக்குவாங்க."

"முழுசுமா?"

"தலைப்புலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும். இப்ப மீன்குளம் பத்தி ஒண்ணு ஓடுது."

முர்வானியின் பென்சில் நின்றது. அவள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், விருந்தாளிக்கான தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே, கருஞ்சிவப்பு அட்டை போட்ட ஆய்வேடு ஒன்று இருந்தது. கினாசியுடையது. அந்தக் குடும்பத்திலேயே முதல் பட்டம். தர்சோனோ வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதை எடுத்துக் காட்டுவார். உள்ளே இருக்கும் நீர்ப்பாசனக் கணக்கு அவருக்குப் புரியாது என்பதால், முதலில் வரும் சமர்ப்பணப் பக்கத்தை மட்டும் சத்தமாகப் படிப்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் முர்வானி தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

"சமர்ப்பணப் பக்கமும் நீதான் எழுதுவியா?"

செனோவின் காது சிவந்தது. "அதையும் கேப்பாங்க, இபு. அதுதான் கஷ்டம். அவங்க அம்மா அப்பாவைப் பத்திக் கேட்டுக் கேட்டு எழுதணும்."

பிறகு மெதுவாகக் கேட்டான்: "நான் சொன்னேன்னு கினாசிகிட்டயும் சொல்லமாட்டீங்களா?"

"சட்டம் அப்படித்தான்."

"சரி. நான் என்ன எழுதறேன்னு அவளுக்குத் தெரியும், இபு."

படிவத்தில் அதற்குமேல் கேள்வி இல்லை. முர்வானி தெம்பேயைத் தொடாமலே எழுந்துவிட்டாள்.

சந்து முனையில் நின்று போன் செய்தாள். பெயரைச் சொல்லாமல் வேலையை மட்டும் சொன்னாள்.

"எழுத்தாளர்," என்றாள் தியூர்மா, ஒரு நொடிகூட யோசிக்காமல்.

"அவன் பேரையே போடறதில்லைங்க. வேற யாரோ..."

"பேரு போடறானான்னு படிவத்துல எங்கயாவது கேட்டிருக்கா? கை எழுதுதா இல்லையா?"

"எழுதுது."

"அப்புறமென்ன இபு? போடுங்க எழுத்தாளர்னு."

போட்டாள். இருபத்தேழு கோடி ஜனங்களின் கணக்கில் செனோ எழுத்தாளர். முர்வானிக்குக் கோபம் கோபமாக வந்தது. அவன்மேல், மகள்மேல், எதற்கும் ஒரு எண் வைத்திருக்கிற அந்தப் புத்தகத்தின்மேல். எதையாவது சொல்லி நிறுத்தலாம் என்று நினைத்தாளே, எதைச் சொல்வது? காரணத்தைச் சொன்னால் சத்தியம் போகும். அலமாரியில் இருக்கும் ஆய்வேட்டை எழுதியது யாரென்று தெரிந்தால் தர்சோனோவுக்கு மகளே போய்விடுவாள்.

"பையன் வீட்டுக்குப் போனியாமே," என்றார் தர்சோனோ சாயங்காலம். "என்ன வேலையாம்?"

"சொல்லக்கூடாது. சட்டம்."

"எங்கிட்டயுமா?" அவருக்கு ஒரே சிரிப்பு. சிரித்து முடித்ததும் மறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை செனோ வீட்டார் தட்டுத் தட்டாக ஒட்டரிசிப் பலகாரத்தோடு வந்தார்கள். பிள்ளைகள் அரிசி மாதிரியே ஒட்டிக்கொண்டு இருக்கவேண்டுமாம். செனோவின் பெரியப்பா மரியாதையாகச் சுற்றி வளைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே தர்சோனோ அலமாரியைத் திறந்தார். முர்வானி எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர் புத்தகத்தைச் செனோவிடமே நீட்டுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"உங்க கண்ணு நல்ல கண்ணு தம்பி. அந்த முதல் பக்கத்தைப் படிங்க, எல்லாரும் கேக்கட்டும்."

செனோ இரண்டு கையாலும் வாங்கினான். பக்கத்தைத் திருப்பினான். "விடியுமுன் எழுந்து எனக்காக வெந்நீர் வைத்த என் அம்மாவுக்கு," என்று படித்தான். "எதையும் இரண்டாவது தடவை கேட்காத என் அம்மாவுக்கு."

பெரியப்பா "ஆகா" என்றார். முர்வானி எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

கினாசி அங்கே கோப்பைகளில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். புது கெபாயா மேல்சட்டை, தலையில் பூ. முர்வானி கதவைச் சாத்தினாள்.

"அந்த ஆய்வேட்டை யார் எழுதினது?"

"என்னம்மா இப்பப் போய்? நான்தான்."

முப்பது வருஷமாக முர்வானி இந்த இடத்தில்தான் நிறுத்திக்கொள்வாள். நாக்கு தன்னால் அடங்கும். புன்னகை தன்னால் வரும். இன்று வரவில்லை.

"கினாசி. யார் எழுதினது?"

தேநீர் கோப்பையைத் தாண்டித் தட்டில் வழிந்தது. கினாசி கெண்டியைக் கீழே வைத்தாள்.

"அவர்தான். எனக்கு வரலம்மா. உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன், ஒரு பக்கம் வரல. அப்பா ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தாரு." மூக்கை உறிஞ்சினாள். "கடைசி வரி மட்டும் என்னோடது. நான் சொன்னதை அப்படியே அடிச்சாரு."

"அதை நீ புகழ்ச்சியா சொன்னேன்னு நினைச்சேன்."

"ராத்திரி ராத்திரி வந்து, எழுதறது எப்படிப் போகுதுன்னு கேப்பியே. நல்லாப் போகுதும்பேன். நீ போயிடுவே. இன்னொரு தடவை கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்."

முர்வானிக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஒரு வருஷமாக தோள்துண்டில் கண்ணைத் துடைத்தது இந்த வரிக்குத்தான். வழிந்த தேநீரைத் துணியால் துடைத்தாள். துடைக்க அவ்வளவு நேரம் ஆகாது, இருந்தும் துடைத்துக்கொண்டே இருந்தாள். கூடத்தில் தர்சோனோ கூப்பிட்டார். பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்கிறார்களாம்.

"உனக்கு அவனைப் பிடிச்சிருக்கா?"

"ம்."

"பயந்துக்கிட்டு சொல்றியா? வெளிய சொல்லிடுவான்னு? நிஜமா பிடிச்சிருக்கா?"

கினாசி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "பிடிச்சிருக்கும்மா. அவர் இந்த வேலையை விடணும்னும் சொல்லியிருக்கேன். விடறேன்னு சொல்றாரு, இன்னும் விடல. அதையும் நீ கேட்டதால சொல்றேன்."

இருவரும் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்கள். பெண் சம்மதம் என்று தலையசைத்தாள். எல்லோரும் இறைவனுக்கு நன்றி சொன்னார்கள். செனோ முர்வானியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முதல் கோப்பையை அவன் முன்னால் வைத்தாள்.

கினாசியின் அத்தை ஊரிலிருந்து அன்றுதான் வந்திருந்தாள். முர்வானி பக்கம் சாய்ந்து, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டாள்.

"சொந்தத் தொழில்," என்றாள் முர்வானி.

அத்தை புன்னகையோடு தலையை ஆட்டிவிட்டு, இந்த வருஷம் மழை சீக்கிரமே வந்துவிட்டது என்று சொன்னாள்.