பதினேழாம் தாளை எழுதியவள்

எங்கள் கன்னியர் மடத்தில் இரண்டு நிற முக்காடு உண்டு. சீதனத்தோடு வந்தவளுக்குக் கறுப்பு, வெறுங்கையோடு வந்தவளுக்கு வெள்ளை. கறுப்பு முக்காடு லத்தீனில் பாடும். வெள்ளை முக்காடு பாத்திரம் தேய்க்கும். வெள்ளை போட்டவளுக்கு எழுத்துச் சொல்லித் தரக் கூடாது என்பது மடத்து விதி. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வரும்போதே தெரிந்துகொண்டு வந்தேன்.

என் அப்பா கழுதைக்காரர். அல்காலா நகரத்து அச்சகங்களிலிருந்து எங்கள் ஊரான குவென்காவுக்கு, இன்னும் தைக்காத புத்தகத் தாள்களைக் கோவேறு கழுதைகளில் ஏற்றி வருவார். வழியில் மழையில் நனைந்து வீணானவை எங்கள் வீட்டுக்கு வரும், அடுப்பெரிக்க. எரிப்பதற்கு முன்னால் நான் பார்ப்பேன். கழுதைகளோடு நடந்து வரும் பட்டினி மாணவர்களிடம் ஒரு துண்டு ரொட்டிக்கு நாலு எழுத்து கற்றேன். எங்கள் வம்சத்தில் பெயர் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்லிக்கொள்ளும் எண்ணமும் எனக்கு இல்லை.

மென்சியா அம்மா கறுப்பு முக்காடு. ஒரு பிரபுவின் தங்கை மகள். அவளுக்கு அவ்வப்போது தெய்வக் காட்சிகள் வந்தன. கன்னிகைக்குக் காட்சி வந்தால் பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியார்கள் எல்லாரும் செய்வதையே ஹினேஸ் சாமியும் செய்தார். "உன் வாழ்க்கையை எழுது, இது கட்டளை" என்றார். நல்லதாக ஒரு வாழ்க்கை வரலாறு தேறினால் சாமிக்கும் பெயர். மென்சியாவுக்கு எழுதுவதென்றால் கை வலிக்கும். ரகசியமாக என்னைக் கூப்பிட்டாள். மதியத் தூக்கத்துக்கு முன் கொஞ்ச நேரம் சொல்வாள், அப்புறம் குறட்டை. மீதியை நான் எழுதினேன்.

பதினேழாம் தாளில் அவள் சொன்னது ஒரு வார்த்தைகூடக் கிடையாது. அதில் இருந்தது இது:

"யேசு இந்த மடத்து வாசலைத் தட்டினால், நாலு தலைமுறையாக யூத ரத்தம் கலக்கவில்லை என்பதற்குச் சான்று கேட்போம். அவர் தாய் யூதப் பெண். ஆகவே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவருடைய சிலுவைக்கு முன்னால் மண்டியிடப் போவோம். அவர் பின்பக்கமாகச் சுற்றி அடுக்களைக்கு வருவார். உப்பு மீனுக்கு உப்புப் போக மூன்றாவது தண்ணீர் மாற்றிக்கொண்டிருப்பவள் அவரை எதுவும் கேட்க மாட்டாள்."

ஹினேஸ் சாமி வெளியே காட்ட, ஊர்ப் பெண்கள் அந்தத் தாளைக் கையால் நகலெடுத்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். மென்சியா அம்மாவுக்கு என்ன ஞானம் என்று பார்வையாளர் அறையின் தடுப்புக் கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று அழுதார்கள். அவள் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டாள். பத்து மாதம் நான் இதைக் கேட்டுக்கொண்டு தரை துடைத்தேன்.

யாரோ ஒரு நகலைத் திருச்சபை விசாரணை மன்றத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். பாஸ்குவால் சாமி என்ற டொமினிக்கன் துறவி விசாரிக்க வருவதாகத் தகவல் வந்தது. அன்று காலை, வாழ்க்கையில் முதல் தடவையாக மடத்துத் தலைவி அடுக்களைக்குள் கால் வைத்தாள். கூடவே ஹினேஸ் சாமி.

"இந்தா ஒலாயா, நல்லாக் கேட்டுக்க. ஒனக்கு எழுத்துத் தெரியாது."

"தெரியுமே, தாயே."

"தெரியாதுங்கறேன்! விதிய மீறி எழுத்துத் தெரிஞ்சவள வச்சிருந்தேன்னு என் பதவி போயிடும்."

"நான் வேற மொதல் தாள்ல சத்தியம் பண்ணிட்டேன்மா," என்றார் ஹினேஸ் சாமி. "மென்சியா கல்லாத பொண்ணு, தேவனே கையப் புடிச்சு எழுத வச்சார், முழுக்க அவங்க கைதான்னு."

"பொய்னு தெரிஞ்சேவா, சாமி?" என்றேன்.

"எல்லாப் புத்தகத்துலயும் அப்படித்தான் போடறது. வழக்கம்."

அவர்கள் போனதும் மென்சியா வந்தாள்.

"ஒலாயா, கண்ணு." இதுவரை என்னை அவள் 'ஏய்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். "நீதான் எழுதுனேன்னு சொல்லிடு. எனக்கு ஒண்ணுன்னா மாமா குடும்பத்துக்கே அவமானம். ஒனக்குப் போறதுக்கு என்ன இருக்கு?"

"முதுகு இருக்கே. இருநூறு கசையடின்னு சொல்றாங்க."

"நான் தைலம் தடவி விடறேன்டி."

அவளை ஒன்று அடித்தால் தேவலை என்று இருந்தது. அன்று என்னிடம் வந்த மூன்று பேரில் அவள் சொல்லச் சொன்னது மட்டும்தான் உண்மை, அதுதான் எரிச்சல். சொல்வது என்று முடிவு செய்தேன். அவளுக்காக இல்லை. அந்தத் தாள் என்னுடையது. கசையடியோடு சேர்ந்துதான் கிடைக்கும் என்றால் கசையடியோடு சேர்த்து எனக்கு வேண்டும்.

பார்வையாளர் அறையில் கம்பிக்கு அந்தப்பக்கம் பாஸ்குவால் சாமியும் ஒரு நோட்டரியும் உட்கார்ந்திருந்தார்கள். ஹினேஸ் சாமி அவர்களுக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டு நின்றார். இந்தப்பக்கம் தலைவி, மென்சியா, நான்.

"இந்தத் தாள எழுதுனது யாரு?"

"இவதான், சாமி," என்றாள் மென்சியா.

"இவளுக்கு எழுத்தே தெரியாது, சாமி," என்றாள் தலைவி.

"நான்தான் எழுதுனேன்," என்றேன். "தாளக் குடுங்க, இப்பவே எழுதிக் காட்டறேன்."

தாளும் மையும், இரு பக்கமும் பொருள் கைமாற்றச் சுவரில் வைத்த சுழல்பெட்டி வழியாக வந்தன. நின்றபடியே மனப்பாடமாக அந்தப் பக்கத்தை முழுக்க எழுதி அனுப்பினேன். அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தலைவி உத்தரியத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கை ஒன்னோடது. சரி. கருத்து யாரோடது?"

"அதுவும் என்னோடதுதான்."

"ஒங்கப்பா என்ன பண்றார்?"

"கழுத ஓட்டறார்."

"தாத்தா?"

"அவரும் கழுததான்."

"குடும்பத்துல படிச்சவங்க யாராவது?"

"எங்க கழுதைங்க நெறையப் புத்தகம் சுமந்துருக்கு, சாமி."

நோட்டரி சிரித்துவிட்டு, இருமுவது போல் சமாளித்தார்.

"கழுதக்காரன் மக மண்டையிலேருந்து இந்த மாதிரி ஒண்ணு வருமா?"

"தச்சர் வீட்டுப் பிள்ள வாயிலேருந்து வேதமே வந்துச்சே."

அவர் முகம் சிவந்தது. அடி உறுதி என்று நினைத்தேன். ஆனால் அவர் நோட்டரியிடம் திரும்பி, "பாத்தீரா? கேட்டதெல்லாம் திருப்பிச் சொல்லுது. கிளி," என்றார்.

"கிளி உப்பு மீன் கழுவுமா? மென்சியா அம்மாவக் கேளுங்க, சமைக்கிறதுக்கு முன்னாடி எத்தன தண்ணி மாத்தணும்னு."

அவர் கேட்டார். மென்சியா திருதிருவென்று விழித்தாள். "தண்ணி எதுக்கு மாத்தணும்?"

"போதும்," என்றார் பாஸ்குவால் சாமி. "ஞானமுள்ளவங்களுக்கு அடுக்களையத் தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல. தெரியாத விஷயத்த தேவன் காட்டுவார். சில நேரம் சாத்தானும் காட்டுவான். எழுதிக்கும்."

நோட்டரி எழுதினார். தாள்கள் எரிக்கப்படும். இந்தக் கருத்துகள் மென்சியா அம்மாவின் ஆழ்ந்த, ஆனால் வழி தவறிய அறிவில் பிறந்தவை. அவளுக்கு ஒரு வருடம் மௌனம், பாடும் வரிசையில் கடைசி இடம். தண்டனை என்றதும் வெளுத்த மென்சியாவின் முகம், 'ஆழ்ந்த அறிவு' என்ற இடத்தில் லேசாக நிமிர்ந்ததை நான் பார்த்தேன். இனி ஊர் அவளைத் துன்பப்பட்ட புனிதை என்றும் கொண்டாடும். ஹினேஸ் சாமிக்கு வாயால் ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான்.

"எனக்கு?" என்று கேட்டேன்.

"ஒனக்கு என்ன? சொன்னத எழுதுன. எழுதுகோலுக்கெல்லாம் தண்டன கெடையாது. அடுப்பப் போய்ப் பாரு."

குற்றத்தைக்கூட எனக்குத் தர மாட்டேன் என்றார் அந்த ஆள்.

நோட்டரி என் வாக்குமூலத்தைச் சுழல்பெட்டியில் வைத்துத் தள்ளினார். 'இதில் உள்ள கருத்து எதுவும் என்னுடையது அல்ல. பிறர் சொல்ல நான் எழுதினேன்.' கீழே இடம் விட்டிருந்தது.

"கையெழுத்துப் போடு," என்றார் பாஸ்குவால் சாமி.

எழுதுகோலை எடுக்காமல் பெட்டியைத் திருப்பி அனுப்பினேன்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, சாமி."

நான் எழுதிக்கொடுத்த தாள் மை காயாமல் அவர் முன்னால்தான் கிடந்தது.

"வெளையாடறியா? சாட்டை வரணுமா?"

"எழுதுகோலுக்குத் தண்டன கெடையாதுன்னு இப்பத்தான் சொன்னீங்க."

அவர் எழுந்தார், கம்பியருகே வந்தார், என்னையே பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. என்னை அடிக்க வேண்டுமென்றால் அந்தத் தாள் என்னுடையது என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அது அவருக்கும் புரிந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நோட்டரி தோளைக் குலுக்கிவிட்டு, எழுத்தறியாதவர்களின் வாக்குமூலத்தில் வழக்கமாகச் சேர்க்கிற வரியை அடியில் சேர்த்தார். எழுதியதை வாய்விட்டுப் படித்தும் காட்டினார்:

"கையெழுத்திடவில்லை. தெரியாது என்று சொன்னாள்."