போன் பிடித்த கை

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா. இன்றைக்கு ஒரு நாயின் கதை. சிரிக்கவும் ஓர் இடம் உண்டு. அது தொடக்கத்திலேயே வந்துவிடும், பிறகு இருக்காது.

செத்த பிராணிகளை எரிக்கும் கூடத்தில், வீட்டு வேலை செய்கிற ஒருத்தி காத்திருந்தாள். காலடியில் தள்ளுவண்டி; அதில் போர்வைக்குள் நாய். வீட்டுக்காரர்கள் வெளிநாட்டுக்குப் போய் இரண்டு வருஷம். வீட்டையும் நாயையும் அவளை நம்பி விட்டுப் போனார்கள். பின்கட்டு அறையில் அவள் இருந்தாள். இன்று காலை சோற்றுக் கிண்ணத்தை வைத்தபோது நாய் எழுந்திருக்கவில்லை. மேடம் அங்கிருந்தே போனில் எல்லாம் ஏற்பாடு செய்தாள்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. நாயின் காதடியைத் தடவிக்கொண்டே அனுப்பிவிட வேண்டும். ஒன்பது வருஷமாக அப்படித் தடவினால்தான் அது தூங்கும்.

உலைக்காரர் வந்தார். "எத்தனை கிலோம்மா இருக்கும்?"

"இருபத்தெட்டு. உசிரோட இருந்தப்பவே மாடிப்படி ஏறாது, நாந்தான் தூக்கணும். நடந்தா மகாராஜாவுக்குக் கால் தேஞ்சிடும்."

"அப்ப ராஜ மரியாதையோட அனுப்பிடுவோம்," என்று சிரித்தார். "கழுத்துப் பட்டையைக் கழட்டிடுங்க. உள்ள உருகி ஒட்டிக்கும்."

கழற்றினாள். பட்டை இருந்த இடத்தில் மயிரை விலக்கி உண்ணி தேடினாள். குளிப்பாட்டும் நாளெல்லாம் செய்கிற வேலை. கை தானாகப் போய்விட்டது. உலைக்காரர் பார்ப்பது தெரிந்தும் நிறுத்தவில்லை. கழுத்து முழுக்கத் தேடி முடித்தாள்.

"கடைசி அஞ்சு நிமிஷம் வீட்டு ஆளுங்களுக்கு," என்று அவர் தள்ளி நின்றார். போன் அடித்தது.

திரையில் மேடம், பக்கத்தில் இரண்டு பிள்ளைகள். அழுதழுது மூன்று முகங்களும் வீங்கியிருந்தன. "அக்கா, அவன் முகத்துக்குக் கிட்ட வைங்க."

ஒரு கையில் போனைப் பிடித்தாள். மறு கை காதடிக்குப் போனது.

"அக்கா, கை தெரியுது. பதிவாகுதுல்ல, பிள்ளைங்க வச்சுக்குவாங்க."

கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டாள்.

உலைக்காரர் அருகே வந்து, "நான் பிடிக்கிறேன், நீங்க ஒரு தடவை தொட்டுக்குங்கம்மா," என்றார் மெதுவாக.

"வேணாம், அவருக்குக் கை ஆடும். நீங்களே பிடிங்கக்கா," என்றது போன்.

நாயைக் கிடத்திய இரும்புத் தட்டு உலையை நோக்கி நகர்ந்தது. நாய் படத்தை விட்டு விலகிவிடக் கூடாதே என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது உள்ளே போனதை அவள் பார்த்தது உள்ளங்கையளவுத் திரையில்தான்.

"ரொம்ப நன்றிக்கா," என்றாள் மேடம், மூக்கை உறிஞ்சியபடி. "சாம்பலைக் கூரியர்ல குடுத்துடுங்க. இந்த வாரத்துக்குள்ள சாவியை எதிர்வீட்டுல குடுத்துடுங்க. இனிமே வீட்டுல ஆள் வேண்டியதில்லையே."

இரண்டு மணி நேரம் கழித்துச் சாம்பல் கலயம் வந்தது. மடியில் வைத்துக்கொண்டாள். கூரியர்காரர் சீட்டை நீட்டி, "அனுப்புறவங்க பேரு?" என்றார்.

அவள் மேடத்தின் பெயரைச் சொன்னாள்.

"வாங்கிக்கிறவங்க?"

அதே பெயர்தான். எழுதி ஒட்டிவிட்டுக் கலயத்தைப் பிடித்தார். அவள் பிடி தளரவில்லை.

"சூடா இருக்கு தம்பி. கொஞ்சம் ஆறட்டுமே."

"போற வழியில ஆறிடும்மா. விடுங்க."

அவர் இன்னொரு தடவையும் சொல்ல வேண்டியிருந்தது.

போய் வாங்க கண்ணுங்களா. உங்கள் வீட்டில் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஓர் உயிர் எந்நாளும் இருக்கட்டும். அதற்குச் சோறு வைக்கிற கை நல்லா இருக்கட்டும்.